டெண்டர் ஃபாரம் வாங்கிவிட்டு வராமல் போனவர்கள்

பதினாறு வருடம் ஒரு நகராட்சியின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தேன். குப்பைத் தொட்டி, தெருவிளக்கு, பேப்பர் கட்டு, துப்புரவு ஒப்பந்தம் என்று எல்லா ஃபைலும் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். டெண்டரை எப்படித் திறக்க வேண்டும், எப்படி ஒப்பிட வேண்டும், தணிக்கையில் ஆட்சேபம் வராமல் எப்படி ஃபைலை முடிக்க வேண்டும் என்று. முதல் நாலைந்து வருடம் எனக்கும் அதுதான் முழு வேலை என்று தோன்றியது. பெட்டியை ஒழுங்காகப் பூட்டி, சொன்ன நேரத்தில் எல்லோர் முன்னாலும் திறந்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கி, குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டால் நியாயமாக நடந்துகொண்டோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவேன். அந்த நிம்மதி எவ்வளவு தவறு என்பதை ஒரு தெருவிளக்கு டெண்டர்தான் எனக்குக் காட்டியது.

எல்இடி விளக்குகள் மொத்தமாக வாங்க வேண்டியிருந்தது. பதினொரு பேர் ஃபாரம் வாங்கிப் போனார்கள். கடைசி நாளில் வந்தது மூன்றே மூன்று உறை. எங்கள் விதிப்படி மூன்று இருந்தால் போதும், திறந்துவிட்டோம். ஒப்பீட்டுப் பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், மூன்று கம்பெனிகளின் கடிதத்திலும் 'உத்தரவாதம்' என்ற சொல்லில் ஒரே எழுத்து, ஒரே மாதிரி விட்டுப்போயிருந்தது. டெண்டருக்குப் பிணையாக வைத்த வங்கி உத்தரவாதங்கள் ஒரே கிளையில், ஒரே நாளில், அடுத்தடுத்த எண்களில் எடுக்கப்பட்டிருந்தன. விலைக்கு வந்தால், இரண்டாவது ஆள் முதல் ஆளைவிடச் சரியாக ஐந்து சதவீதம் கூடுதல், மூன்றாவது ஆள் எட்டு சதவீதம் கூடுதல். விளக்கு, கம்பி, கிளாம்ப், பொருத்துகூலி என்று எந்த வரியை எடுத்தாலும் அதே கணக்கு. தனித்தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்ட மூன்று பேருக்கு இப்படி அமையவே அமையாது.

மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன், டெண்டர் ரத்தானது. அதோடு விட்டிருந்தால் மறு டெண்டரிலும் இதே மூன்று பேர்தான் கொஞ்சம் கவனமாக வந்திருப்பார்கள். என்னை உறுத்தியது வந்த மூன்று பேரைவிட வராத எட்டு பேர்தான். ஃபாரம் வாங்கக் காசு கட்டி, நேரில் வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனவர்கள் ஏன் வரவில்லை? பதிவேட்டில் எல்லோருடைய ஃபோன் நம்பரும் இருந்தது. மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, யாரிடம் என்ன கேட்டேன் என்பதைக் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு நாளில் எட்டு பேரிடமும் பேசினேன். நான் கற்ற பாடங்களில் முக்கால்வாசி அந்த இரண்டு நாளில் கிடைத்தவை.

முதல் ஆள் எடுத்த எடுப்பிலேயே சொன்னார், "மேடம், நீங்க கேட்டிருக்கிற அளவைப் பார்த்ததுமே இது யாருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. நான் எதுக்கு வீணா வரணும்?" ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். விளக்குக் கூட்டின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில், எடை கிராம் கணக்கில், மூடியில் எத்தனை திருகாணி என்பது வரை எழுதியிருந்தது. ஒரு கம்பெனியின் கேட்லாக்கில் இருந்து அப்படியே இறக்கியது. பொறியியல் பிரிவில் விசாரித்தபோது அங்கே பெரிய சதியெல்லாம் இல்லை. அவசரமாக விவரக்குறிப்பு தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு விற்பனைப் பிரதிநிதி பென் டிரைவில் ரெடியாக ஒன்றைக் கொடுத்திருக்கிறார், இவர்களும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அந்த உதவியிலேயே மற்ற எல்லோருக்கும் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

இன்னொருவர் நாள் போதவில்லை என்றார். நாங்கள் கொடுத்தது ஏழு நாள், மாதிரி விளக்கு தொழிற்சாலையிலிருந்து வந்து சேரவே பத்து நாளாகுமாம். மூன்றாமவர் புதிதாகத் தொழில் தொடங்கியவர், 'கடந்த மூன்று வருடத்தில் நகராட்சிகளுக்கு இதே பொருளை மூன்று முறை வழங்கியிருக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் படித்ததும் மடித்து வைத்துவிட்டார். பொருள் கொடுத்த அனுபவம் இருந்தால்தான் பொருள் கொடுக்கலாம் என்றால் புதிதாக ஒருவர் எந்தக் காலத்தில் உள்ளே வருவது? இரண்டு பேர் சுற்றி வளைத்து, "இந்தத் தடவை எங்களை வர வேண்டாம்னு சொன்னாங்க" என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஒருவருக்குக் கையில் வேறு வேலை, ஒருவர் ஃபோனை எடுத்து ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எட்டாவது ஆள் வயதானவர். அவர் சொன்னதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. "போன தடவை உங்களுக்குப் பொருள் கொடுத்தேன் மேடம். பில் வந்து சேர பதினாலு மாசம் ஆச்சு. வட்டி கட்டியே ஓஞ்சுபோயிட்டேன். உங்க மேல கோபம் இல்லை, இன்னொரு தடவை தாங்காது."

சரி, இதை வைத்துக்கொண்டு என்னென்ன செய்தோம் என்று சொல்கிறேன். விவரக்குறிப்பில் இருந்து தொடங்கினோம். பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுவதை விட்டுவிட்டு, என்ன வேலை செய்ய வேண்டும் என்று எழுதினோம். எவ்வளவு வெளிச்சம், அதற்கு அதிகபட்சம் எத்தனை வாட், தூசியும் தண்ணீரும் புகாமல் ஐபி 65 தரம், எத்தனை வருடம் உத்தரவாதம், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான். ஐக்கிய நாடுகளின் வணிகச் சட்ட ஆணையம் 2011-இல் வெளியிட்ட அரசுக் கொள்முதல் மாதிரிச் சட்டமும் இதையே சொல்கிறது. வர்த்தகப் பெயரைக் குறிப்பிடக் கூடாது, வேறு வழியே இல்லாமல் குறிப்பிட்டால் 'அல்லது அதற்கு இணையான' என்று சேர்த்தே ஆக வேண்டும் என்று. நான் இன்னொரு சோதனையும் வைத்திருந்தேன். விவரக்குறிப்பு எழுதி முடித்ததும், சந்தையில் கிடைக்கும் குறைந்தது மூன்று வெவ்வேறு தயாரிப்புகளை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பொருந்துகிறதா என்று டிக் போட்டுப் பார்ப்பேன். ஒன்றுதான் தேறுகிறது என்றால் எந்த வரி மற்றவற்றைத் தள்ளுகிறதோ அதை எழுதியவரையே கூப்பிட்டு, இது எதற்காக வேண்டும் என்று கேட்பேன். பாதி நேரம் அவருக்கே தெரியாது.

நாள் கணக்கும் அப்படித்தான். ஏழு நாள் என்பது யாருக்கு ஏற்கனவே தகவல் தெரியுமோ அவருக்கு மட்டுமே போதும். நாங்கள் வருட ஆரம்பத்திலேயே இந்த வருடம் என்னென்ன, எந்தக் காலாண்டில் வாங்கப் போகிறோம் என்று ஒரு பட்டியல் போட்டு எல்லோரும் பார்க்கும்படி வைத்தோம். அந்த ஒரு பட்டியலால் 'அவசரம்' என்ற சொல் எங்கள் ஃபைல்களில் பாதிக்கு மேல் காணாமல் போனது. வெள்ளம் வந்தால் அது அவசரம். வருடா வருடம் வரும் மழைக்காலத்துக்கு முன்னால் சாக்கடை தூர்வாருவது எப்படி அவசரமாகும்?

இங்கே என் தவறையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்ப வருடங்களில் நாற்காலி வாங்கும்போது, டெண்டர் வைக்கத் தேவையில்லாத வரம்புக்குள் நிற்பதற்காக ஒரே தேவையை நாலு ஃபைலாகப் பிரித்து, நாலு தடவை மூன்று மூன்று விலைப்புள்ளி (கொட்டேஷன்) வாங்கி ஆர்டர் போட்டிருக்கிறேன். யாரிடமும் காசு வாங்கவில்லை, சீக்கிரம் வேலை முடியட்டும் என்றுதான் செய்தேன். ஆனால் பின்னால் கணக்குப் பார்த்தபோது நாலு ஆர்டரும் ஒரே கடைக்காரருக்குத்தான் போயிருந்தது, மொத்தமாக வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் போனது. மற்ற இரண்டு கொட்டேஷனையும் அந்தக் கடைக்காரரே கொண்டுவந்து கொடுத்திருந்தார் என்பதை அப்போது நான் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்று காகிதம் இருந்தால் மூன்று போட்டியாளர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அதற்கப்புறம் கொட்டேஷன் கேட்கும் கடிதத்தை நானே நேரடியாக அனுப்பி, பதிலையும் நேரடியாகவே வாங்கினேன், ஒருவர் கையில் மூன்று உறை வந்தால் மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பணம் கொடுப்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொள்முதல் பயிற்சிகளில் இதைத்தான் கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளுகிறார்கள். பில் எப்போது பாஸாகும் என்று தெரியாத இடத்தில் பொருள் கொடுப்பவர் என்ன செய்வார்? கையில் முதல் உள்ளவர் வட்டியை விலையில் ஏற்றிவிடுவார். முதல் இல்லாதவர் வரவே மாட்டார். மிச்சம் இருப்பது பில்லை நகர்த்தத் தெரிந்தவர், அதாவது யாரைப் பார்த்தால் ஃபைல் நகரும் என்று தெரிந்தவர். லஞ்சம் டெண்டர் பெட்டிக்குள் நுழைவதற்கு முன்னால் பில் செக்ஷனில்தான் குடியேறுகிறது என்பது என் அனுபவம். ஐரோப்பிய ஒன்றியம் பணம் தாமதமாவதைத் தடுக்க 2011-இல் கொண்டுவந்த நெறிமுறையில் அரசு அமைப்புகள் பொதுவாக 30 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி தர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நாங்கள் சட்டம் போடும் இடத்தில் இல்லை, ஆனாலும் சிலவற்றைச் செய்ய முடிந்தது. நிதி ஒதுக்கி உறுதி செய்யாமல் டெண்டர் அறிவிப்பே போவதில்லை என்று ஒரு முடிவு. பொருள் வந்த ஏழு நாளுக்குள் ஆய்வு முடிக்க வேண்டும், முடிக்கவில்லை என்றால் காரணம் எழுத வேண்டும். பில் வந்த தேதியை முத்திரை குத்தி, வந்த வரிசையிலேயே பாஸ் செய்ய வேண்டும். அந்த வரிசைப் பட்டியலை வாராவாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். தன்னைத் தாண்டி யாருடைய பில் போயிருக்கிறது என்று எந்த ஒப்பந்ததாரரும் நின்று பார்க்கலாம். முதல் மாதம் உள்ளே ஏகப்பட்ட முணுமுணுப்பு. மூன்றாவது மாதம் பில்லுக்காக வராந்தாவில் நிற்கும் கூட்டம் குறைந்துவிட்டது.

சிண்டிகேட் விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்ததாரர்கள் பேசி வைத்துக்கொண்டு வேலையைப் பங்கு போடுவது எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். கனடாவின் மான்ட்ரியல் நகரில் சாலை, சாக்கடை வேலைகளை ஒப்பந்ததாரர்கள் முறை வைத்து எடுத்துக்கொண்டது, 2011-இல் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையத்தின் முன் சாட்சியங்களாக வெளிவந்தது. 2015-இல் வந்த அதன் அறிக்கை பெரிய அதிர்ச்சியை ஏற்படுத்தியது. நெதர்லாந்திலும் கட்டுமானத் துறையில் இதே கதைக்காக 2002-இல் நாடாளுமன்ற விசாரணை நடந்தது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடி 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சிண்டிகேட்டின் அடையாளங்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. ஒப்புக்குக் கூடுதல் விலை போடுவது, வராமல் ஒதுங்கிக்கொள்வது, முறை வைத்து ஜெயிப்பது, பகுதி பிரித்துக்கொள்வது. அந்தப் பட்டியலைப் படித்தபோது எங்கள் தெருவிளக்கு ஃபைலைப் பார்த்து எழுதியது மாதிரியே இருந்தது.

அதில் எனக்கு முதலில் உறைக்காத ஒன்று இருந்தது. வெளிப்படையாக இருக்கிறோம் என்று நினைத்து நாங்களே சிண்டிகேட்டுக்கு உதவிக்கொண்டிருந்தோம். யார் யார் ஃபாரம் வாங்கினார்கள் என்ற பட்டியலைப் பலகையில் ஒட்டுவோம். டெண்டருக்கு முந்தைய விளக்கக் கூட்டம் என்று எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து டீ கொடுப்போம். யாரை ஃபோனில் பிடித்து 'இந்தத் தடவை வராதீங்க' என்று சொல்ல வேண்டுமோ, அந்தப் பெயர்களை நாங்களே கொடுத்துக்கொண்டிருந்தோம். அதன் பிறகு மாற்றினோம். கடைசி நேரம் முடியும் வரை யார் வாங்கினார்கள் என்பது பூட்டிய அலமாரிக்குள். சந்தேகங்களை எழுத்தில் கேட்க வேண்டும், கேட்டவர் பெயரில்லாமல் கேள்வியும் பதிலும் எல்லோருக்கும் ஒரே நாளில் போகும். நேரம் முடிந்த பிறகு நேர் எதிர், எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட வேண்டும். உக்ரைன் நாடு 2016-இல் எல்லா அரசு அமைப்புகளுக்கும் கட்டாயமாக்கிய புரோசோரோ என்ற மின் கொள்முதல் முறையும் இப்படித்தான் தொடங்கியது. ஏலம் நடக்கும்போது எதிரே இருப்பது யார் என்று தெரியாது, முடிந்ததும் யார் என்ன விலை, என்ன ஆவணம் கொடுத்தார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

குறைந்த விலையைப் பற்றியும் கொஞ்சம். ஒரு துப்புரவு ஒப்பந்தத்தில் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்து ஒருவர் விலை போட்டார். எல்லோரும் மகிழ்ந்தோம், நானும்தான். ஆறாவது மாதம் துப்புரவுப் பெண்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், நாலு மாதச் சம்பள பாக்கி. அன்றைக்கு உட்கார்ந்து ஆள் எண்ணிக்கையைக் குறைந்தபட்சக் கூலியால் பெருக்கிப் பார்த்தேன், அவர் போட்ட விலை அதற்கே போதவில்லை. இந்தப் பெருக்கலை ஆர்டர் கொடுக்கும் முன்னால் போட ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அந்தப் பெண்களில் ஒருவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் வலிக்கிறது. அதற்கப்புறம் நியாயமில்லாமல் குறைந்த விலை வந்தால் கூலி எவ்வளவு, பொருள் எவ்வளவு, மேற்செலவு எவ்வளவு என்று பிரித்து எழுத்தில் விளக்கம் கேட்காமல் ஃபைலை நகர்த்தியதே இல்லை. பிரிண்டர் போன்றவற்றில் வாங்கும் விலையோடு ஐந்து வருட மைச்செலவையும் சேர்த்து ஒப்பிட வேண்டும், அதை டெண்டர் அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பெட்டியைத் திறந்த பிறகு கணக்கு முறையை மாற்றினால் அது அநியாயம்.

ஆர்டர் கொடுத்த பிறகும் போட்டியைக் கெடுக்க முடியும். வடிகால் வேலை ஒன்றில் ஒருவர் கான்கிரீட்டுக்கு அடிமாட்டு விலையும், பாறை உடைப்பதற்கு மூன்று மடங்கு விலையும் போட்டிருந்தார். எங்கள் மதிப்பீட்டில் பாறை கொஞ்சம்தான், அதனால் மொத்தத்தில் அவர்தான் குறைவு. வேலை தொடங்கியதும் பார்த்தால் தோண்டுகிற இடமெல்லாம் பாறை. மதிப்பீடு தப்பு என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்பது வேறு கதை. கடைசியில் தோற்றவர்கள் எல்லோரையும்விட அதிகம் அவருக்குக் கொடுத்தோம். ஒரு வரியில் மட்டும் விலை விசித்திரமாக ஏறியிருந்தால் அந்த வரியின் அளவை மறுபடி நேரில் போய்ப் பார்க்க வேண்டும், கூடுதல் வேலை ஒரு வரம்பைத் தாண்டினால் அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும், அந்த ஒப்புதலும் வெளியில் தெரிய வேண்டும்.

பரிசு, விருந்து, உறவு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு தடவை என் சித்தி மகன் டெண்டர் போட்டபோது எழுதிக் கொடுத்துவிட்டு அந்த ஃபைலைத் தொடாமல் விலகிக்கொண்டேன். வீட்டில் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

தோற்றவருக்குக் காரணம் சொல்வது மட்டும் பலர் செய்யாத ஒன்று. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பெரிய ஒப்பந்தங்களுக்கு, யார் ஜெயித்தார் என்று மின்னஞ்சலில் தெரிவித்த பிறகும் குறைந்தது 10 நாள் கையெழுத்துப் போடாமல் காத்திருக்க வேண்டும், ஆட்சேபம் இருப்பவர் அதற்குள் கேட்கலாம். நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. வராதவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்டு, தோற்றவருக்கு எதனால் தோற்றார் என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்பினோம், அவ்வளவுதான். இதே ஐரோப்பாவில் 2011-க்கும் 2021-க்கும் இடையில் அரசு ஒப்பந்தங்களுக்கான போட்டி குறைந்துவிட்டது, ஒரே ஒருவர் மட்டும் வரும் டெண்டர்களின் பங்கு ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது என்று அங்குள்ள தணிக்கை மன்றம் 2023-இல் அறிக்கை கொடுத்தது. நல்ல சட்டமும் மின் முறையும் இருக்கிற இடத்திலேயே ஆட்கள் வராமல் போகிறார்கள் என்றால், ஏன் என்று ஒவ்வொரு அலுவலகமும் தன் பட்டியலை எடுத்து வைத்துக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மறு டெண்டரில் தெருவிளக்குக்கு ஏழு உறை வந்தது. குறைந்த விலை பழைய குறைந்த விலையைவிட ஐந்தில் ஒரு பங்கு கீழே இருந்தது, அதுவும் இரண்டு வருடம் கூடுதல் உத்தரவாதத்தோடு. அந்த வயதானவர் வரவில்லை. மூன்று தடவை கடிதம் அனுப்பினேன், பில் பட்டியலின் நகலையும் சேர்த்து. அடுத்த வருடம் குழாய் டெண்டருக்கு வந்தார், சோதனைச் சான்றிதழ் ஒன்று விட்டுப்போனதால் தள்ளுபடியானது. காரணத்தை எழுதி அனுப்பினோம். அதற்கடுத்த தடவை சான்றிதழோடு வந்து ஆர்டர் வாங்கினார். பொருள் கொடுத்த இருபத்தாறாம் நாள் பணம் போய்ச் சேர்ந்தது. அன்று மாலை ஃபோன் செய்து, "மேடம், தப்பா ஏதும் வரலையே, இது என் பில்லுதானே?" என்று கேட்டார்.